நாய் பிஸ்கட்டின் கதை: செல்லப்பிராணி உணவு கடைக்கு வந்த வரலாறு

நாய்க்கும் பூனைக்கும் என்று தனியாக உணவுப் பைகள் கடையில் விற்கப்படுவது இன்று யாருக்கும் வியப்பாக இல்லை. ஆனால் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து வரும் நாய், கடையில் வாங்கிய உணவைத் தின்னத் தொடங்கி சுமார் 160 ஆண்டுகள்தான் ஆகின்றன. பூனைக்கு அந்த வழக்கம் இன்னும் பிந்தியே வந்தது.

இன்று பல பைகளின் மேல் "முழுமையான, சமச்சீரான உணவு" என்று அச்சடித்திருக்கிறார்கள். கையில் பையை வைத்துக்கொண்டு நிற்பவர் அதை நம்புகிறார். வேறு வழியும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் வாய் பேசத் தெரியாது. தட்டில் வைத்ததை மறுநாளும் அதற்கு மறுநாளும் தின்பதுதான் அவற்றால் முடிந்தது. அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எங்கெல்லாம் உடைந்தது, உடைந்த பிறகு என்ன மாறியது என்பதே இந்தக் கட்டுரை.

மிச்சம் மீதி காலம்

பழங்காலத்தில் நாய்க்கென்று யோசித்து உணவு கொடுத்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்ற ரோமானியர் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூலில் பண்ணை நாய்களுக்கான உணவையும் குறிப்பிடுகிறார். பார்லி மாவைத் தயிர்த் தெளிவு நீரில் கலந்து கொடுக்கலாம். பால் கிடைக்காத பண்ணையில் ரொட்டியை அவரை வேகவைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்பது அவரது ஆலோசனை. அதாவது பண்ணையில் என்ன மிஞ்சுமோ, அதுவே நாயின் உணவு.

பூனைக்கு அந்தக் கவனிப்பும் கிடைக்கவில்லை. எலி பிடிப்பதற்காகத்தான் பூனையை வைத்திருந்தார்கள். வயிறு நிறைந்தால் அது எலி பிடிக்காது என்ற எண்ணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் நிலைமை சற்று மாறியது. வேகவைத்த குதிரை இறைச்சியைத் துண்டு போட்டு, குச்சியில் குத்தி, தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்கும் வியாபாரிகள் அங்கே இருந்தார்கள். "பூனை இறைச்சிக்காரர்" என்பதே அவர்களுக்குப் பெயர். லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பதிவு செய்த ஹென்றி மேஹ்யூ இவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நகரத்தில் வண்டி இழுத்து ஓய்ந்து செத்த குதிரைகள் இப்படித்தான் பூனைகளுக்கு உணவாயின.

துறைமுகத்தில் பிறந்த யோசனை

முதல் நாய் பிஸ்கட்டைச் செய்தவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். இவர் சமையல்காரரும் அல்ல, கால்நடை மருத்துவரும் அல்ல. இடிதாங்கிக் கம்பி விற்பதற்காக இங்கிலாந்துக்கு வந்தவர். கப்பல்களில் மாலுமிகள் தின்னும் கல் போன்ற பிஸ்கட் மிஞ்சினால் துறைமுகத்தில் வீசிவிடுவார்கள். அதைத் தெருநாய்கள் ஓடிவந்து தின்பதைப் பார்த்து, இதையே நாய்க்கென்று செய்து விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது.

1860களின் தொடக்கத்தில் ஸ்பிராட்டின் நாய் கேக்குகள் லண்டனில் விற்பனைக்கு வந்தன. கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த இறைச்சி ஆகியவை அதில் இருந்தன. இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாடுகளிலிருந்து வருகிறது என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அது மாட்டின் எந்தப் பாகம், எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதை ஸ்பிராட் வெளியே சொல்லவே இல்லை. பையில் இருப்பது என்ன என்று வாங்குபவருக்குத் தெரியாத நிலை, இந்தத் தொழிலின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது!

வாங்கியவர்கள் யார்? வேட்டை நாய் வளர்த்த பணக்காரர்களும், போட்டிக்கு நாய் வளர்த்தவர்களும். ஸ்பிராட்டிடம் இளைஞராக வேலைக்குச் சேர்ந்து விற்பனையில் வளர்ந்தவர்தான் சார்லஸ் கிரஃப்ட். 1891ல் அவர் லண்டனில் தன் பெயரில் தொடங்கிய நாய்க் கண்காட்சி இன்றும் "கிரஃப்ட்ஸ்" என்ற பெயரில் நடக்கிறது. நாய் உணவும் நாய்க் கண்காட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் எனலாம்.

1908ல் நியூயார்க்கில் ஒரு பிஸ்கட் நிறுவனம் எலும்பு வடிவத்தில் நாய் பிஸ்கட் செய்யத் தொடங்கியது. அதுவே பின்னர் மில்க் போன் என்று புகழ்பெற்றது. எலும்பு வடிவத்தால் நாய்க்கு ஒரு லாபமும் இல்லை. அந்த வடிவம் வாங்கும் மனிதனுக்காகச் செய்யப்பட்டது.

குதிரையும் தகர டப்பாவும்

முதல் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவில் கார்களும் டிராக்டர்களும் பெருகிக்கொண்டிருந்தன. வேலையில்லாத குதிரைகள் ஏராளமாக இருந்தன. 1920களின் தொடக்கத்தில் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் சாப்பல் சகோதரர்கள் குதிரை இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து, "கென் எல் ரேஷன்" என்ற பெயரில் நாய் உணவாக விற்றார்கள். விற்பனை பெருகியது. டப்பா உணவே சந்தையைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் உலகப்போர் இதை நிறுத்தியது. தகரமும் இறைச்சியும் போருக்குத் தேவைப்பட்டதால் நாய் உணவுக்கு டப்பா கிடைக்கவில்லை. தொழிற்சாலைகள் மீண்டும் உலர் உணவுக்குத் திரும்பின.

போருக்குப் பின் வந்ததுதான் இன்று கடைகளில் காணும் உலர் உருண்டைகள். ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் காலை உணவுத் தானியங்கள் செய்யும் இயந்திரத்தை நாய் உணவுக்குப் பயன்படுத்தியது. முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போன்ற வேலைதான். ஆனால் இங்கே மாவு மிகுந்த அழுத்தத்திலும் சூட்டிலும் துளை வழியே தள்ளப்படும். வெளியே வந்தவுடன் உள்ளே இருக்கும் நீராவி விரிந்து மாவு பொரிந்துவிடும். பிறகு காயவைத்து மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். 1957ல் இந்த உணவு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கெட்டுப்போகாது, நாறாது, கொட்டி வைத்தால் வேலை முடிந்தது. இல்லத்தரசிகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

1958ல் அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவு நிறுவனங்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தன. வீட்டு மிச்சம் நாய்க்கு நல்லதல்ல, கடை உணவு மட்டுமே போதும் என்று 1960களில் அந்தச் சங்கம் பத்திரிகை, வானொலி மூலம் பிரசாரம் செய்தது. ஒரு தலைமுறைக்குள் மிச்சச் சோறு என்பதே தவறு என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. இதில் ஒரு பெரிய மாற்றம் மறைந்திருக்கிறது. மிச்சச் சோறு தின்ற நாய் இன்று ஒன்று, நாளை ஒன்று தின்றது. ஒன்றில் குறைந்தது மற்றொன்றில் கிடைத்துவிடும். ஒரே பையைத் தினமும் தின்னும் நாய்க்கு, பையில் ஒரு சத்து குறைந்தால் அது வாழ்நாள் முழுவதும் குறைந்ததுதான்.

ஒரு வழிகாட்டி நாயின் சிறுநீரகம்

உணவால் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனைக்கும் ஒரு கதை உண்டு. 1939ல் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்றவர் தன் வழிகாட்டி நாயான பட்டியை நியூஜெர்சியில் இருந்த கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸிடம் கொண்டுவந்தார். பட்டிக்குச் சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. மாரிஸ் மருந்தோடு நிற்கவில்லை. சிறுநீரகத்துக்குச் சுமை குறையும்படி புரதத்தையும் உப்பையும் குறைத்து ஓர் உணவைத் தானே தயாரித்துக் கொடுத்தார். நாய் தேறியது. ஃபிராங்க் ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்பதால் உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து அனுப்ப வேண்டியிருந்தது. 1948ல் கன்சாஸ் மாநிலத்தின் ஹில் நிறுவனம் அந்த உணவைப் பெருமளவில் தயாரிக்க முன்வந்தது. இன்று கால்நடை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் நோய்க்கான சிறப்பு உணவுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

பூனையின் இதயம்

நாயும் பூனையும் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் உடலமைப்பில் வெகு தூரம். நாய் மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்டது. ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு இரண்டு பிரதிதான் உண்டு. நாய்களுக்கு அது பல மடங்கு இருக்கிறது என்று 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. பூனையோ இறைச்சி தின்றே தீர வேண்டிய பிராணி. காரட்டில் உள்ள பொருளை வைட்டமின் ஏ ஆக மாற்ற அதன் உடலுக்குத் தெரியாது. இனிப்பின் சுவையும் அதற்குத் தெரியாது. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தயாரிக்கவும் அதன் உடலால் முடியாது. டாரின் இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை.

டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை சிதைந்துபோவதை 1975ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அதன்பின் பூனை உணவில் டாரின் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வகுக்கப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அதே காலத்தில் பூனைகள் வேறொரு நோயால் செத்துக்கொண்டிருந்தன. இதயம் வீங்கி, தசை மெலிந்து, இரத்தத்தைத் தள்ளச் சக்தியில்லாமல் நின்றுவிடும். காரணம் தெரியவில்லை, மருந்தும் இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் பியான் என்ற இளம் கால்நடை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அத்தகைய பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 21 பூனைகளிலும் டாரின் குறைவாக இருந்தது. அவற்றுக்கு டாரின் கொடுத்தபோது இதயம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. 1987ல் சயின்ஸ் இதழில் இந்த முடிவு வெளியானது.

இதில் அதிர்ச்சியான செய்தி இதுதான். பாதிக்கப்பட்ட பூனைகள் பட்டினி கிடந்தவை அல்ல. நல்ல நிறுவனங்களின் கடை உணவைத் தின்றவை. காகிதத்தில் இருந்த அளவுப்படி அந்த உணவுகளில் டாரின் போதுமானதாகவே இருந்தது. ஆனால் அந்த அளவு வகுக்கப்பட்டது ஆய்வுக்கூடத்தில் தூய பொருட்களால் செய்த உணவை வைத்து. டப்பாவில் அடைத்து அதிகச் சூட்டில் பதப்படுத்திய உணவைத் தின்னும்போது, குடலில் உள்ள பாக்டீரியாக்கள் டாரினை அதிகமாக அழித்துவிடுகின்றன. ஆகவே டப்பா உணவுக்கு உலர் உணவைவிட இரு மடங்கு டாரின் தேவை என்று பின்னர் விதி மாற்றப்பட்டது.

நிறுவனங்கள் உடனே டாரினைக் கூட்டின. சில ஆண்டுகளில் அந்த இதயநோய் பூனைகளிடம் அரிதாகிவிட்டது. எத்தனை பூனைகள் அதற்குமுன் இறந்தன என்று யாரும் எண்ணவில்லை.

2007: புரதம் என்ற பெயரில்

2007 மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த நிறுவனம் தன் பெயரில் விற்பதில்லை. பல பெயர்களுக்குத் தயாரித்துக் கொடுப்பது. விலை உயர்ந்த பெயரும் மலிவான பெயரும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள். வட அமெரிக்கா முழுவதும் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தன.

முதலில் எலி மருந்து கலந்துவிட்டதோ என்று சந்தேகித்தார்கள். மார்ச் மாத இறுதியில் மெலமைன் கண்டுபிடிக்கப்பட்டது. இது பிளாஸ்டிக் தட்டுகள் செய்யப் பயன்படும் வேதிப்பொருள். உணவில் எப்படி வந்தது? சோதனைக்கூடங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சீனாவிலிருந்து "கோதுமைப் புரதம்" என்று வந்தது உண்மையில் சாதாரணக் கோதுமை மாவு. மெலமைன் கலந்ததால் சோதனையில் புரதம் மிகுந்ததாகக் காட்டியது. அதோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருந்தது. இரண்டும் சிறுநீரகத்தில் கூடிப் படிகங்களாக மாறி அடைத்துவிட்டன.

அதிகாரப்பூர்வமாக உறுதி செய்யப்பட்ட மரணங்கள் மிகச் சில. தங்கள் பிராணி இறந்ததாக உரிமையாளர்கள் தெரிவித்தவையோ ஆயிரக்கணக்கில். 2004ல் ஆசிய நாடுகளில் நாய்கள் இதேபோல் இறந்ததும், அப்போது பூஞ்சை நச்சு என்று நினைத்து விட்டுவிட்டதும் பிறகுதான் தெரியவந்தது. அன்று பிடித்திருந்தால்? 2008ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்பவுடரில் அதே மெலமைன் கலக்கப்பட்டு 6 குழந்தைகள் இறந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பூனையின் தட்டில் முதலில் தெரிந்த ஆபத்து அடுத்த ஆண்டே தொட்டிலுக்கு வந்துவிட்டது.

தானியம் இல்லாத உணவு

2007க்குப் பின் மக்களுக்குப் பெரிய நிறுவனங்கள் மேல் நம்பிக்கை குறைந்தது. "இயற்கையானது", "தானியம் இல்லாதது" என்ற பெயர்களில் புதிய உணவுகள் பெருகின. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பயறு, உருளைக்கிழங்கு சேர்த்தார்கள். தானியம் நாய்க்குக் கெடுதல் என்று நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் விளம்பரம் வேலை செய்தது.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அத்தகைய உணவு தின்ற நாய்களில் இதய வீக்க நோய் காணப்படுவதாக வந்த புகார்களை விசாரிக்கிறோம் என்று அறிவித்தது. வழக்கமாக அந்த நோய் வராத இனங்களிலும் அது காணப்பட்டது. 2022 டிசம்பரில், உணவுதான் காரணம் என்று முடிவு செய்யப் போதிய தரவு இல்லை என்று அந்த நிர்வாகம் கூறியது. கேள்வி மூடப்படவில்லை. நல்லெண்ணத்தால் மாற்றிய உணவும் சோதிக்கப்பட வேண்டும் என்பதே இதன் பாடம்.

தின்பண்டங்கள்

உணவைவிடத் தின்பண்டத்தில்தான் கவனக்குறைவு அதிகம். 2007லிருந்து அமெரிக்காவில் உலர்ந்த கோழித்துண்டுத் தின்பண்டங்களைத் தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் குவிந்தன. 2014க்குள் 1,000க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. தின்பண்டங்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்தவை. பல ஆண்டுகள் ஆராய்ந்தும் ஒரே காரணம் என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுச் சமையலறையிலும் ஆபத்து உண்டு. சாக்லெட், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பூனைக்கும் வெங்காயமும் பூண்டும் ஆகாது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரிந்திருந்தாலும் ஏன் என்று தெரியாமல் இருந்தது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021ல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் கருத்து வெளியிட்டார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதேபோல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022ல் பதிவு செய்தார்கள். புளியில் அந்த அமிலம் மிகுதி. சாம்பாரும் ரசமும் புளியோதரையும் மிஞ்சும் வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

அளவு இன்னொரு விஷயம். 2002ல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். வாலாட்டும் போதெல்லாம் பிஸ்கட் போடுவது அன்பின் அடையாளமாகத் தெரியலாம். ஆனால் அது ஏறக்குறைய 2 ஆண்டு ஆயுளை விலையாகக் கேட்கக்கூடும்!

வரலாறு தரும் அளவுகோல்கள்

இந்த வரலாற்றிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

1. "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற சொல் இருக்கிறதா, எந்த வயதுப் பிராணிக்கு என்று சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாதது தின்பண்டம் மட்டுமே. அதைச் சாப்பாடாகக் கொடுக்கக் கூடாது.

2. அமெரிக்க முறையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சத்துகளைக் கணக்கிட்டு அளவுக்குப் பொருத்துவது. மற்றொன்று, பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது. வளர்ந்த பிராணிகளுக்கான சோதனையில் குறைந்தது 8 பிராணிகள், 26 வாரங்கள். கணக்கை விடச் சோதனை மேல். ஆனால் டாரின் குறைவு இதயத்தைத் தொட அதைவிட அதிக காலம் ஆகலாம் என்பதால் சோதனையும் முழுக் காப்பு அல்ல.

3. நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. தயிர்சாதம் மட்டும் தின்று வளரும் பூனைக்கும் டாரின் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

4. புரத சதவீதம் மட்டும் தரத்தைச் சொல்லாது. 2007ல் மெலமைன் கலந்த மாவும் சோதனையில் தேறியதுதான்.

5. தின்பண்டம் ஒரு நாளைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

6. பிராணி திடீரென்று உணவை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பையைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள தயாரிப்பு எண்ணோடு வைத்திருப்பது முக்கியம். 2007ல் எந்த உணவு என்று கண்டுபிடிக்க உதவியது அந்த எண்களே.

ஸ்பிராட் தன் பிஸ்கட்டில் இருந்த இறைச்சி எது என்று சொல்லவில்லை. யாரும் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. 1987லும் 2007லும் கேள்வி கேட்கப்பட்டது பிராணிகள் இறந்த பிறகுதான். கேள்வி கேட்டதால் விதிகள் மாறின. அதன்பின் பிறந்த பூனைகள் அந்த இதயநோய்க்குத் தப்பின. நாயும் பூனையும் பையின் பின்பக்கத்தைப் படிக்க முடியாது. படிக்க வேண்டியவர் தட்டில் கொட்டுபவர்தான்.